கரண்டி பிடித்தவர் பேசலாம்

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

உன் தூங்குமூஞ்சித் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருத்தி, என் மனைவி, மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறாள். காரணம் நான்.

என் வேலை உனக்குத் தெரியும்: கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் இயந்திரக் கைகளுக்கு நிரல் எழுதுவது. உள்ளே நான்கு செயலிகள், ஒரே நேரத்தில் நான்கு வேலைகள். ஆனால் எல்லோருக்கும் பொதுவான அளவுப் பட்டியல் ஒன்றே ஒன்று. இரண்டு பேர் ஒன்றாகக் கைவைத்தால் புட்டி தூள்தூள். ஆகவே ஒரு பூட்டு. பூட்டைப் பிடித்தவர் மட்டும் தொடலாம், மற்றவர் "ஆச்சா, ஆச்சா" என்று நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார். செம்மஞ்சள் வெளிச்சத்தில் புட்டிகள் மிதந்து போவதைப் பார்த்தால், அக்கா, உலகமே இப்படி வரிசையாக, அவசரமில்லாமல் கடந்து போவதாகத் தோன்றும். மேற்பார்வையாளர் தோளைத் தட்டும் வரை தோன்றிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசிப் பேசி எதுவும் முடிவாகாததால், இந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மரக்கரண்டி யார் கையிலோ அவர்தான் பேசலாம். அவளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமை கரண்டியை எடுத்து, "துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. கிரேன்களைப் பார்த்துக்கணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டு, என் கையில் கொடுத்தாள். அன்று பிடித்த கரண்டிதான்! யோசிக்க விடுப்பு வேறு போட்டேன். "வரேன்" என்று சொல்ல வாயெடுத்தால் கண்முன் கடல் வந்துவிடுகிறது. ஜன்னல் நிறையக் கப்பல், கப்பலுக்கு மேலே மேகம், மேகத்துக்குள் என் புட்டிகள். அவளைப் பிரிந்து ஒரு நாள் இருக்க முடியாது. இந்த இடத்தை விட்டுக் கிளம்பவும் பயமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கண் சொக்கிவிடுகிறது. அவள் ஏதோ சொல்ல வாய் திறப்பாள், கரண்டியைப் பார்த்து மூடிக்கொள்வாள். சட்டம் போட்டவன் நானாயிற்றே!

எங்கள் தொழிலில் நேரம் தாண்டி வரும் சரியான விடையும் தப்பு விடைதான். நாளை வெள்ளி. பூட்டைப் பிடித்திருப்பவன் மந்தமானவன் என்றால், காத்திருப்பவரின் அவசரத்தை அவனுக்கு ஏற்றிவிட வேண்டும் என்றொரு விதி உண்டு. அப்போதுதான் சட்டென்று முடித்துவிட்டுப் பூட்டை விடுவான். வீட்டில் அந்த விதியைப் போட மறந்துவிட்டேன். ஆகவே இது கிடைத்ததும் என்னைக் கூப்பிட்டு, "வாயில என்ன கொழுக்கட்டையா, சொல்லித் தொலையேன்டா!" என்று பழையபடி ஒரு திட்டுத் திட்டு. போனில் இதைச் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால்தான் தபால்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, அவர்கள் கேட்காத அறிவுரைகள் அனைத்தும்.

இப்படிக்கு,
கரண்டியும் கையுமாக,
உன் தம்பி

பி.கு.: அண்ணி, இது நான். அவர் ஒரு கையில் பேனாவும் மறு கையில் கரண்டியுமாகத் தூங்குகிறார். அவர் நினைத்து எழுதியதுபோல் இன்று வியாழன் இல்லை, சனி. பதிலை நேற்றே அனுப்பிவிட்டேன், இரண்டு பேரும் வருகிறோம் என்று. பேசத்தான் கரண்டி வேண்டும், கையெழுத்துப் போட வேண்டாமே. அனுப்பும் முன் சட்டத்தை மீறி, அவர் காதருகே குனிந்து "போலாமா?" என்று ஒரே ஒரு சொல் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "உன்கூடத்தானே... ம்" என்றார். தூக்கத்தில் சொன்னதுதான். ஆனாலும் கரண்டி அவர் கையில் இருந்தது, ஆகவே செல்லும்.