புறக்கோட்டையில் தொலைந்த மோகனராஜ்

மோகனராஜ் முடிவெடுத்துவிட்டார். இந்த வருஷம் கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவில் எப்படியாவது தொலைந்து போய்விடுவது.

மாத்தளைத் தேர்த் திருவிழாவுக்கு உடுப்பு வாங்க மனைவி சிவநந்தினியோடு கொழும்புக்குப் போவது வருஷாவருஷம் வரும் சோதனை. கூட்டம், வெயில், கைவண்டி இடி எல்லாவற்றையும் அவர் தாங்கிக்கொள்வார். அவள் பேரம் பேசுவதைத்தான் தாங்க முடியாது. அவரே மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் விற்கிறவர். எந்தக் கடைக்காரரைப் பார்த்தாலும் கண்ணாடியில் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும்.

அன்றும் நடைபாதைக் கடையில் ஒரு சேலையை விரித்தாள் சிவநந்தினி. பாதி விலைக்குக் கேட்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கடைக்காரர் விலையை இறக்கிக் கூப்பிட வாயைத் திறந்தார். மோகனராஜ் முந்திக்கொண்டார்.

"பாவம் நந்தினி, வெயில்ல நிக்கிறாரு. சொன்ன விலையக் குடுத்துருவோம்."

கடைக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். "ஐயா நியாயமான ஆளு!"

சிவநந்தினி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சேலை அங்கேயே கிடந்தது.

"வாயை மூடிக்கிட்டு வர மாட்டீங்களா?"

"வியாபாரி கஷ்டம் வியாபாரிக்குத்தான் தெரியும்."

"அப்ப ஒரு வியாபாரியப் பார்த்துக் கட்டியிருக்கணும். என்னைய ஏன் கட்டுனீங்க?"

அடுத்த கடையில் அவள் சட்டைத்துணியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் பின்னால் நகர்ந்து, குறுக்குத் தெருவில் திரும்பி, ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் புகுந்துவிட்டார். பிளேன்டீக்குச் சொல்லிவிட்டுக் காலை நீட்டினார். சொர்க்கம்!

பாதி பிளேன்டீயில் சொர்க்கம் கசந்தது. எதையும் முழுசாக அனுபவிக்கத் தெரியாத பிறவி அவர். அவள் சீனி வருத்தக்காரி, நேரத்துக்கு மாத்திரை போட்டுச் சாப்பிட வேண்டியவள். மயங்கி விழுந்திருந்தால்? புருஷனைக் காணோம் என்று நடுத்தெருவில் அழுதுகொண்டு நின்றால்? கட்டினவளை விட்டுவிட்டு ஓடிவந்து தேத்தண்ணி குடிக்கிறவன் என்ன மனுஷன்?

போன் எடுத்தார். அவளுடைய போன் வேலை செய்யவில்லை.

ஓடினார். மூட்டை சுமக்கிறவர்கள் திட்டினார்கள். அவளைப் போலப் பச்சைச் சேலை கட்டியவர்களின் முகத்தையெல்லாம் எட்டிப் பார்த்தார். ஒருத்தி குடையை ஓங்கினாள். கடைசியில் அந்தச் சேலைக்காரரிடமே போய் நின்றார்.

"அந்த அம்மாவா? மறுபடி வந்தாங்க ஐயா." அவர் பெருமூச்சு விட்டார். "பாதி விலைக்கே கொண்டு போயிட்டாங்க. நீங்க கூட வந்திருக்கப்படாதா?"

"எந்தப் பக்கம் போனா?"

"பஸ் பக்கம்."

மாத்தளை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் சிவநந்தினி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டுப் பிடித்து வைத்திருந்தாள். மோகனராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நந்தினி! மாத்திர போட்டியா? சாப்பிட்டியா?"

"ரெண்டும் ஆச்சு. உக்காருங்க."

"கூட்டத்துல எப்படியோ தொலைஞ்சு போயிட்டேன்..."

"பார்த்தேனே. பூனை மாதிரி நழுவுனீங்க."

"பார்த்தும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டா வந்துருவீங்களே!"

"போன்?"

"அதுக்குத்தான் நிப்பாட்டி வச்சேன்."

சோற்றுப் பார்சலை அவர் கையிலும், துணிப் பைகளை மடியிலும் வைத்தாள். பஸ் புறப்பட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் பக்கத்தில் இருந்தாள், அது போதும். மோகனராஜ் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இந்தாங்க," என்றாள் அவள், கண்ணை மூடிச் சாய்ந்தபடி. "தீபாவளிக்கு வாறப்ப பஸ்ஸ விட்டு எறங்குனதுமே தொலைஞ்சிருங்க. ஒரே கடைக்கு ரெண்டு தரம் என்னால நடக்க ஏலாது."