என் கையை விட்டுப் போன அகப்பை

சேசு மரி சூசை துணை

லீமா, மேட்டுக் குடியிருப்பு,
தவக்காலம்

அரெக்கிப்பா மடத்தில் ஆண்டவருக்கு ஊழியம் செய்யும் என் உடன்பிறந்த அக்கா சிஸ்டர் அசுந்தாவுக்குத் தங்கை கிளெமென்சியா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் பாஸ்குவாலும் நலம். உன் முழங்கால் வலியும் உங்கள் மடத்துத் தாயாரின் முன்கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் என்று எழுதியது மரியாதைக்கு. உண்மையில் என் வயிறு பற்றி எரிகிறது, அக்கா.

எங்கள் மேட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மத்தியானத்துக்கு ஒரே அண்டாவில் பொதுச் சமையல் செய்வது உனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே அகப்பை என் கையில்தான். அது லேசான வேலையா? கோழியும் உருளைக்கிழங்கும் அடியில் கிடக்கும், மேலே தண்ணீர் நிற்கும். யாருக்கு அடியிலிருந்து, யாருக்கு மேலிருந்து என்று ஆளைப் பார்த்து ஊற்ற ஒரு ஞானம் வேண்டும். என் ஞானப்பிள்ளையின் அம்மாவுக்கு அடியிலிருந்து ஊற்றுவேன். என் நாயைக் கல்லால் அடித்தவளுக்கு மேலிருந்து. ஒரு சண்டை உண்டா, சச்சரவு உண்டா, எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினார்கள்.

இதில் பாதர் லிசாந்திரோ வந்து மண்ணைப் போட்டார். தவக்காலக் கூட்டத்தில், "நீதி, நீதின்னு ஜெபத்துல கேக்குறோமே, வீட்டுல தெருவுல அத எங்க செய்யுறோம்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார். பஸ்ஸில் கிழவருக்கு இடம் விடுவேன், சந்தையில் எடைக்கல்லில் ஏமாற்ற மாட்டேன் என்று ஆளாளுக்கு நல்லபடியாகத்தான் சொன்னார்கள். அப்போது மலைநாட்டு ஹுவான்காவெலிக்காவிலிருந்து புதிதாக வந்து குடியேறிய நியேவெஸ் எழுந்தாள். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும் என்று நான் நினைத்திருந்தவள். "பொது அண்டாவுல அகப்பைய வாரத்துக்கு ஒருத்தரா மாத்தி மாத்திப் பிடிக்கலாம் பாதர்" என்கிறாள்! எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்ததால் நானும் தட்டினேன். சீட்டுக் குலுக்கினார்கள், முதல் வாரம் யாருக்கு விழுந்தது என்கிறாய்? அவளுக்கேதான். எனக்கு அதற்கடுத்த வாரம்.

அவள் எப்படி ஊற்றுகிறாள் தெரியுமா? ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அடிவரை விட்டு ஒரு கிண்டு. கிண்டிக் கிண்டி எல்லாருக்கும் ஒரே மாதிரி. என் நாயை அடித்தவளுக்கும் எனக்கும் ஒரே அளவு உருளைக்கிழங்கு என்றால், இது நீதியா, அக்கா? நீ படித்தவள், சொல். அதைவிடக் கேள், வீட்டுக்கு வந்து பாஸ்குவால் உதட்டை நக்கிக்கொண்டு, "அந்தப் புள்ள கையில என்னமோ இருக்குடி. இன்னைக்கி சூப்பு அமிர்தம்" என்றார். "யோவ், சமைச்சது நான்யா!" என்றேன். "இருக்கட்டும், ஊத்துனது அவதானே" என்கிறார். அன்று ராத்திரி அவருக்குப் பழைய ரொட்டிதான்.

இவ்வளவு நியாயம் பேசுகிறவள் தனக்கென்று எதையாவது ஒதுக்காமலா இருப்பாள் என்று, நேற்று எல்லோரும் போன பிறகு தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கையும் களவுமாகப் பிடித்துப் பாதரிடம் இழுத்துப் போகலாம் என்று சால்வையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். அவள் காலி அண்டாவில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றி, சுற்றி அலசி, அதைக் குடித்தாள். அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கொஞ்சமாவது திருடித் தொலைத்திருக்கக் கூடாதா? மனுஷிக்கு ஒரு குறைகூடவா இருக்காது!

இப்போது, "அடுத்த வாரமும் நியேவெசே ஊத்தட்டும், எந்த வாரமும் அவளே ஊத்தட்டும்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஆகவே அக்கா, நீ உடனே பாதருக்கு ஒரு கடிதம் போடு. புதிதாக வந்தவர்களிடம் அகப்பை கொடுப்பது திருச்சபை வழக்கம் இல்லை என்று எழுது. இருக்கிறதோ இல்லையோ, எழுது. சிஸ்டர் கையெழுத்து என்றால் அவர் பயப்படுவார். அகப்பை என் கைக்குத் திரும்பாவிட்டால் இந்த மேட்டில் நான் யார்? தட்டை நீட்டும் இன்னொருத்தி, அவ்வளவுதானே.

மடத்துச் சகோதரிகள் அனைவருக்கும் என் வணக்கம். மாதாவின் நிழல் உன்மேலும், கொஞ்சம் என்மேலும் விழட்டும்.

உன் பாவப்பட்ட தங்கை,
கிளெமென்சியா

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தால், பாஸ்குவால் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். நல்லதாய்ப் போயிற்று. பாதருக்கு எதையும் எழுதாதே. திங்கட்கிழமை எல்லோரும் நியேவெசே ஊற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். அவள் மாட்டேன் என்று அகப்பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "இந்த வாரம் உங்க முறைதான்க்கா" என்றாள். எல்லாக் கண்ணும் என் கையில். வேறு வழி? நானும் அடிவரை கிண்டினேன், நாயை அடித்தவளுக்கும் கிண்டினேன், கடைசியில் எனக்கென்று பார்த்தால் அண்டா காலி. வெந்நீரைத் தேடிக்கொண்டு நின்றேன். நியேவெஸ் தன் தட்டில் பாதியை என் தட்டில் கவிழ்த்து, "ஊத்துறவங்களுக்கும் பசிக்கும்லக்கா. எனக்கு யாரும் குடுக்கல, அதான் தெரியும்" என்றாள். அன்று தடுப்புக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. முழுவதையும் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. இப்படிப்பட்டவளைத் தொடர்ந்து வெறுப்பது எப்படி என்று உங்கள் மடத்தில் யாருக்காவது தெரிந்தால், அதை மட்டும் எழுது.