தேங்காய் எண்ணெய் குடித்த கடிகாரம்

புது மாப்பிள்ளை எதைச் செய்தாலும் அவனை யாரும் தடுக்க மாட்டார்கள். கறியில் உப்பு கூடுதல் என்று அவன் முகம் சுளித்தால் அடுத்த வேளை உப்பே இல்லாமல் சமைப்பார்கள். ஸ்க்ரூடிரைவரோடு சுவரை நோக்கிப் போனால் வழிவிட்டு நிற்பார்கள். எனக்கு அப்படி வழிவிட்டதில் ஒரு நல்ல மனிதரின் கடைசி ஆசை கெட்டுப்போனது.

மாமனார் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் பார்த்தவர். எங்கள் கல்யாண விருந்துகள் முடிவதற்குள் படுக்கையில் விழுந்தார். ஈரல் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கூடத்தில் கட்டில் போட்டோம். அதற்கு மேலே சுவரில் அவருடைய அத்தா வாங்கி மாட்டிய பெண்டுலம் கடிகாரம்.

தேக்குப் பெட்டி கறுத்துப்போயிருந்தது. உச்சியில் செதுக்கிய குதிரைக்கு ஒரு முன்னங்கால் இல்லை. வெள்ளை முகப்பில் சாவித் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள். ஆனால் பெட்டியில் ஓர் ஆணி கிடையாது. மரத்தை மரத்தோடு கோத்தே இறுக்கியிருந்தான் எவனோ ஒரு மகராசன். முள் ஓட ஒரு துளை, மணி அடிக்க ஒரு துளை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து மாமா மட்டும்தான் சாவி கொடுப்பார். அவர் படுத்ததும் அதுவும் நின்றுவிட்டது. மச்சான் சாவி கொடுத்துப் பார்த்தும் அசையவில்லை.

“கண்ணு சரியாத் தெரியல மாப்ளை,” என்றார் மாமா. “மணிச் சத்தம் இருந்தா பகலா ராவான்னு ஒரு பிடி கெடைக்கும். போறதுக்குள்ள ஒருக்கா கேட்டாப் போதும்.”

மதுரையில் பழைய கடிகாரம் பார்க்கிறவர் இருக்கிறார், கொண்டுபோகலாம் என்றான் மச்சான். நான் சிரித்தேன். செம்பட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் நான். (டச் மாத்துறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?)

“எதுக்கு அம்புட்டுத் தூரம்? இங்கனயே முடிச்சுர்றேன் மச்சான்.”

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “மாப்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்றார். அந்தக் குரலில் துளி நம்பிக்கை இல்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

பிரித்தேன். பெண்டுலத்தின் பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். அழுக்கோடு அதிலிருந்த பூவேலையும் போய்விட்டது. சக்கரங்கள் காய்ந்து கிடந்தன. அலமாரியில் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் இருந்தது, தாராளமாக ஊற்றினேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியபின் வளைந்த கம்பி ஒன்று மிச்சமானது. பழைய ரிப்பேர்காரன் எவனோ உள்ளே மறந்துவிட்டுப் போனது என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் மாட்டி, இரண்டு துளைக்கும் முழுச் சாவி கொடுத்தேன். அசைவில்லை. அது மார்கழி. எண்ணெய் உறைந்து சக்கரமெல்லாம் வெள்ளையாக அப்பியிருந்தது.

“செத்த நேரம் பொறுங்க மாமா. வெயில் வந்தா ஓடிரும்.”

மாமா தலையாட்டினார். நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

மதியம் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, அதே இடத்தில் கிடத்தினோம். கூடம் கொள்ளாத கூட்டம். பள்ளிவாசல் அஜரத் துஆவுக்குக் கை ஏந்தினார். ஜன்னல் வெயில் கடிகாரத்தின் மேல் விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

டங் என்றது. பிறகு இன்னொன்று. பன்னிரண்டுவரை எல்லோரும் மனதுக்குள் எண்ணியிருப்பார்கள். பதின்மூன்றாவது விழுந்தபோது அஜரத் ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

ஸ்டூலைப் போட்டு ஏறிக் கையை உள்ளே விட்டேன். இன்னும் வேகமாக அடித்தது. மணியை நிறுத்துகிற கம்பி என் சட்டைப் பையில் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. உருகிய எண்ணெய் ஒரு சொட்டு மாமாவின் வெள்ளைத் துணியில் விழுந்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

உள்ளறையில் அழுகை நின்றுபோயிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னார்: “விடுங்க மாப்ளை, அடிக்கட்டும். அவுக ஆசப்பட்டதுதான.”

சாவி தீரும்வரை அடித்தது. ஏந்திய கைகளோடு அத்தனை பேரும் நின்றார்கள். நான் ஸ்டூல் மேலேயே நின்று அழுதேன். அந்த எண்ணெய்க் கறையோடுதான் மாமாவை அடக்கம் செய்தோம்.

இன்றும் அந்த வீட்டில் யாராவது ஓயாமல் பேசினால், “மாப்ளை சாவி குடுத்துட்டாரு போல,” என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்ய?

போன மழைக்காலத்தில் மாமி காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். அரைக்கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“மாப்ளை, எனக்கு ஒரு ஆசையும் இல்ல. நீங்க எதையும் ரிப்பேர் பண்ணிராதீங்க.”

அந்த வீட்டில் என்னை ஒருவர் தடுத்தது அதுதான் முதல் தடவை.