அதுவேற அண்ணனும் மூன்றாம் தரிப்பிடமும்

உலகத்தில் ஒரே மாதிரியான இரண்டு பொருட்கள் கிடையவே கிடையாது என்று முழுமனதாக நம்பி, அந்த நம்பிக்கைக்காகவே வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாக வந்த ஒரே மனிதர் எங்கள் பதுளையில்தான் இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'அதுவேற' அண்ணன்.

அவரிடம் ஐந்து நீலச் சட்டைகள் இருந்தன. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே அளவில் வாங்கியவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை உண்டு. புதன்கிழமையில் செவ்வாய்க்கிழமைச் சட்டையைப் போட்டுவிட்டது பாதி வழியில் தெரிந்தால், பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிடுவார். எல்லாம் நீலம்தானே என்று கேட்டால் நிதானமாகச் சொல்வார்: "அது வேற, இது வேற."

என்னை வேலைக்கு எடுத்த நேர்முகத் தேர்வையும் அவர்தான் நடத்தினார். மேசையில் இரண்டு பேனாக்களை வைத்தார். இரண்டும் ஒன்றா என்று கேட்டார். பயத்தில் ஒன்றுதான் என்றேன்.

"ஒண்ணுன்னா ஏன் தங்கச்சி ரெண்டு இருக்கு?"

அதற்குப் பதில் தெரியாமல் நான் விழித்த விழி அவருக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளே வரச் சொன்னார்.

எங்கள் அலுவலகம் பஜாரில் ஒரு புடவைக்கடையின் மாடி. கீழே கடை, மேலே கம்ப்யூட்டர், இரண்டுக்கும் முதலாளி ஃபாரூக் நானா. நானாவுக்கு வலைத்தளம் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. ஆனால் யாராவது அதைப் பற்றி விசாரித்தால், புடவையை விரித்துக் காட்டுவது போலக் கையை விரித்துப் பெருமையாகப் பேசுவார். தனியார் பஸ்காரர்கள் சிலருக்காக நாங்கள் ஒரு தளம் செய்திருந்தோம். எங்கிருந்து, எங்கே, எந்தத் தேதி என்று கொடுத்தால், எத்தனை மணிக்கு எந்தத் தரிப்பிடத்தில் பஸ் என்று காட்டும். ஒரே குறை, ஆமை வேகம். பதில் வருவதற்குள் பஸ்ஸே போய்விடும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அதை வேகமாக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒருமுறை கண்டுபிடித்த பதிலைத் தூக்கிப் போடாமல், ஒரு பெட்டியில் சாவியோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதே கேள்வி மறுபடி வந்தால் பெட்டியைத் திறந்து கொடுத்துவிடலாம். இதற்குக் 'கேஷ்' என்று பெயர். நான் புறப்படும் ஊர், போகும் ஊர், தேதி மூன்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, நிரலில் 'பொருள்' என்கிற அந்தப் பொட்டலத்தையே அப்படியே சாவியாக வைத்தேன். ஒரே கேள்வியை இரண்டுதரம் கேட்டுப் பார்த்தேன். மின்னலாக வந்தது. அண்ணன் அன்று லீவு. வெள்ளி மாலையே தளத்தில் ஏற்றிவிட்டுப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை யாரோ ஒரு புண்ணியவான் முதல் ஆளாக மொனராகலைக்கு பஸ் தேடினார். மூன்றாம் தரிப்பிடம், பத்துப் பத்துக்கு என்று சரியான பதில் வந்தது. அதற்குப் பிறகு கொழும்புக்குக் கேட்டவருக்கும் மூன்றாம் தரிப்பிடம், பத்துப் பத்து. பண்டாரவளைக்குக் கேட்டவருக்கும் அதே. ஊவா மாகாணமே ஒரே பஸ்ஸில் ஏறப் புறப்பட்டது. மாடித் தொலைபேசி அலறியது. கீழே நானாவிடமும் ஆட்கள் போய் நின்றார்கள். நானா ஆளுக்கொரு பிளேன்டீ கொடுத்துச் சமாளித்தார்.

லீவு முடிந்து வந்திருந்த அண்ணன் நான் எழுதிய நிரலை ஒரு நிமிடம் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க வச்ச பெட்டிக்கு எழுத்துதான் சாவி. பொருளைக் கொடுத்தா, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காது. எல்லாத்துக்கும் 'பொருள்', 'பொருள்'னு ஒரே பேரை எழுதி ஒட்டிரும். அதான் எல்லாருக்கும் முதல் ஆளோட பதில்."

எனக்கு அழுகை வந்தது. அவரோ பரவசத்தில் இருந்தார். வேறு வேறானதை ஒன்றென்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே சாட்சியாகிவிட்டதே. உடனே பெட்டியை மாற்றினார். புதிய பெட்டி பொருளையே சாவியாக ஏற்கும். ஒவ்வொரு பொருளும் தனித் தனி. பதில்கள் சரியாக வரத் தொடங்கின.

பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் பேசினார். ஹட்டனிலிருந்து குடும்பத்தோடு ஐந்து பேர், மகனுக்குப் பெண் பார்க்க ஸ்பிரிங்வெளிக்குப் போகிறார்களாம்.

"பசறைக்கு வந்துட்டோம்மா. ஸ்பிரிங்வெளி இன்னும் எவ்வளவு தூரங்க?"

பதுளையில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்கு மாறாமல், எங்கள் தளம் காட்டிய மொனராகலை பஸ்ஸில் ஏறி மலை இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே இறங்கி நிற்கச் சொன்னேன். அண்ணன் நானாவின் புடவை மூட்டை ஏற்றும் வேனை எடுத்துக்கொண்டு பறந்தார்.

அவர் போய் மூன்று மணி நேரத்தில் தளம் விழுந்தது. தூக்கி நிறுத்தினால் சிறிது நேரத்தில் மறுபடி விழுந்தது. பார்த்தால், பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான பதில்கள் குவிந்து கிடந்தன. ஆனால் ஒன்றைக்கூட ஒருவருக்கும் மறுபடி கொடுக்கவில்லை. நூறு பேர் பசறைக்குக் கேட்டால், ஒவ்வொருவர் கேள்வியும் புதிதாகப் பிறந்த தனிப் பொருள். நூறு பேருக்கும் நூறு சாவி. அண்ணனின் கொள்கைப்படி அது மிகச் சரி. இயந்திரத்துக்குத்தான் மூச்சு முட்டியது.

அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த அண்ணன் பெண் வீட்டில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் முன்னறையில், மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்திருந்தார். அங்கே நிலைமை சரியில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. பஸ் மாறியதே சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். எங்களுக்கு டவுனில் கடை, இவர்களுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை, எங்கள் குடும்பம் வேறு இவர்கள் குடும்பம் வேறு என்று புறப்படவும் எழுந்துவிட்டாராம். பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் அந்தப் பெண் கதவோரத்தில் தட்டோடு அப்படியே நின்றாளாம்.

நான் விஷயத்தைச் சொன்னேன்.  அண்ணன் மெதுவாக, ஊர், ஊர், தேதி மூன்றையும் அதே வரிசையில் ஒரே வரியாகச் சேர்த்து, அந்த வரியைச் சாவியாக வைக்கச் சொன்னார்.

"அப்ப ரெண்டு பேர் கேட்டதும் ஒண்ணுதானா அண்ணே?"

அவர் ஏதோ சொன்னார். மலையில் சிக்னல் இல்லை. கேட்கவில்லை என்று கத்தினேன். அவரும் எழுந்து நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ரெண்டும் ஒண்ணுதான். இனிமே வேற வேறன்னு பாக்க வேணாம். ஒண்ணா சேர்த்துருங்க."

 அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். தொடர்ந்து ஒரு கூட்டமே சிரித்தது. பெரியவர் மனைவியைப் பார்த்து, "தம்பியே சொல்லிருச்சு, உக்காரு" என்றாராம். அந்த அம்மாவும் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்து, பெண்ணின் தட்டிலிருந்து ஒரு பலகாரத்தை எடுத்துக் கடித்தாராம். அண்ணனுக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் புரியவில்லை. என்னிடம் சாவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணிக்கு நான் அந்த ஒற்றை வரியை எழுதினேன். தளம் பறந்தது. திங்கட்கிழமை நானா என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. இரண்டு தவறும் தன்னுடையவை என்று அண்ணன் சனிக்கிழமை இரவே திரும்பி வந்து சொல்லிவிட்டதை நானா வெகுநாள் கழித்துத்தான் வாய் தவறிச் சொன்னார்.

தை மாதம் கல்யாணம். படம் எடுக்கிறவர் அண்ணனை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று கேட்க, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே நேரத்தில் எங்கள் ஆள் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். பாதி இழுபட்டு, கூச்சத்தில் தலை குனிந்து, அவர் சிரிக்கும் அந்தப் படத்தில் நான் இல்லை. ஆனாலும் ஒரு பிரதி கேட்டு வாங்கி, என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் இவர் என்று கேட்டால், சொந்தக்காரர் என்றுதான் சொல்கிறேன்.