இன்னாருடைய இன்ன குணம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயும் அத்தானும் வாண்டுகளும் நலமாக இருந்தால் அதுவே போதும். போனில் என்னை நீ பேசவிட மாட்டாய், அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வர வேண்டாம். என் கல்யாணப் பேச்சை இத்துடன் விட்டுவிடு.

என் வேலை என்னவென்று அத்தான் ஒவ்வொரு முறையும் கேட்பார், நானும் சொல்வேன், அவரும் கொட்டாவி விடுவார். இந்த முறை நீயாவது கேள். மென்பொருளை எப்படி இயக்குவது என்று சொல்லும் விளக்கப் பக்கங்களில் எழுத்துகளைச் சீர்செய்வது என் வேலை. அப்படியே தட்டச்சு செய்ய வேண்டிய சொல் தடித்து நிற்கும். எடுத்துவிட்டு நம்முடையதைப் போட வேண்டிய சொல் சாய்ந்திருக்கும். இவ்வளவுதான் சூட்சுமம். மதியச் சாப்பாடு முடிந்து, ஜன்னல் திரை மெல்ல ஆடிக்கொண்டிருக்க, ஒவ்வொரு சொல்லாகத் தோளைத் தொட்டுச் சாய்த்துக்கொண்டிருப்பேன். எது சொல், எது நான் என்று தெரியாமல் நானும் கொஞ்சம் சாய்ந்துவிடுவேன். அப்படி ஒரு மதியம் ‘கோப்பின் பெயர்’ என்பதைச் சாய்க்காமலே விட்டுவிட்டேன். யாரோ ஒரு வாடிக்கையாளர் தன் கோப்பின் பெயரைப் போடாமல் ‘கோப்பின் பெயர்’ என்றே தட்டி, ஒன்றும் நடக்காமல் மறுபடியும் தட்டி, கோபம் தலைக்கேறி எங்கள் உதவிப் பிரிவுக்குப் போன் போட்டிருக்கிறார். அந்தப் போனை எடுத்தவர்தான் நான் உன்னிடம் சொன்ன அந்தப் பெண். நேராக என் மேஜைக்கு வந்தார். “சார், இது நிமிர்ந்து நிக்குது. கொஞ்சம் சாய்ச்சு விடுங்களேன், பாவம்” என்றார். பாவம் என்றது என்னையா, சொல்லையா என்று யோசித்தபடியே அன்று வீட்டுக்கு நடந்தேன். மழை சாய்வாகப் பெய்தது. கையில் குடை இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை. கிறங்கிப்போய்விட்டேன் அக்கா.

உன்னிடம் சொன்னது என் தப்பு. “வாயைத் திறந்தா உளறுவே, நான் எழுதித் தர்றேன், மனப்பாடம் பண்ணிக்கோ” என்று செல்பேசியில் அனுப்பிவைத்தாய். பல் தேய்க்கும்போதும் பேருந்திலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நேற்று அலுவலகத்தில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவர் தனியாக நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தேன்: “இன்னாரே, உங்ககிட்ட இருக்கிற இன்ன குணம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா எங்க அக்கா இன்ன கிழமை வந்து உங்க வீட்டுல பேசுவாங்க.”

கண்ணைத் திறந்தால் அவர் கையிலிருந்த டம்ளர் நிரம்பி வழிகிறது. “எந்தக் குணம்?” என்றார். “அதாங்க, இன்ன குணம்” என்றேன். “இன்னார்னு இங்க யாரும் இல்லையே சார்” என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. “தெரியலைங்க, பயமா இருக்குங்க, நீங்க சிரிச்சா அன்னைக்குப் பூரா எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது” என்று ஏதேதோ சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சாய்த்துக் கொடுப்பவன், எனக்கு வந்ததைச் சாய்த்துப் படிக்கவில்லை. நீயாவது சாய்த்து அனுப்பியிருக்கலாம். இன்று காலையிலிருந்து அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மனசு விட்டுப்போச்சு. நான் இப்படியே இருந்துகொள்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம், வாண்டுகளுக்கு முத்தம். உன் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், யோசனை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போனபோது அவர் வந்து நின்றார். “நேத்து ஒப்பிச்சீங்களே, அதை யார் எழுதிக் குடுத்தா?” என்றார். “அக்கா” என்றேன். “கடைசியில உளறினது?” “அது நான்தாங்க.” “அதுக்குச் சம்மதம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா அக்கா. பேசுவதை மட்டும் நானே பேசிக்கொள்கிறேன்.