கச்சாங்கின் ஈரம் தீண்டா விரதமும் சீனியின் தீபாவளிப் போரும்

வாழ்க சீனி! சுண்ணாம்பு மலையைப் பிளந்த சூரன் வாழ்க! மலேசியாவில், ஈப்போவை அடுத்த செமோருக்கு அப்பாலுள்ள குவாரியில் பாறைக்கு வெடிவைக்கும் அணிக்குத் தலைமை பூண்டு, சிவப்புக் கொடியை ஒருமுறை அசைத்தால் கல்லேற்றிய லாரிகளும் கைகட்டி நிற்கும் ஆணைவன்மை பெற்று, குன்றுகளை ஜல்லியாக்கிய கரங்களும், அக்குன்றுகளில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டானோ என ஐயுறத்தக்க வயிறும், நுனியில் மட்டும் நரைத்த பெருமீசையும் உடைய அவ்வீரன், ஒரு தீபாவளித் திருநாளில், நான்கு கிலோ எடையுள்ள நாயொன்றைச் சிறுநீர் கழிக்கச் செய்வதற்காக நடத்திய மாபெரும் போரை இனி உரைக்கப் புகுகிறோம்.

கிந்தாப் பள்ளத்தாக்கின்மேல் நாள்தோறும் நண்பகலில் கூடி மாலையில் கொட்டித் தீர்க்கும் கார்முகில்களே, நீவிர் சாட்சி! பெட்டி பெட்டியாக வாங்கப்பட்டுத் தாமான் என்னும் எம் குடியிருப்பின் கட்டிலடிகளில் பதுங்கிக் கிடக்கும் வாணங்களே, சரவெடிகளே, நீவிரும் சாட்சி! எம் சொல்லில் பிழை நேராமல் காப்பீராக. முடிந்தால் கதை முடியும்வரை வெடிக்காமலும் இருப்பீராக.

அந்நாயின் திருநாமம் கச்சாங். மலாயில் கடலை என்று பொருள். கடலையளவே இருந்த குட்டிப் பருவத்தில் இட்ட பெயர். பஞ்சுப்பொதி மேனியும், பொத்தான் விழிகளும், சப்பை மூக்கும், நான்கு கிலோ உடம்புக்குள் நாற்பது கிலோ பிடிவாதமும் கொண்ட அது, இரண்டு விரதங்களைப் பூண்டிருந்தது. வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதில்லை, கேட்டுக்கு வெளியே புல்லில் மட்டுமே என்பது முதலாவது. இது சீனியின் மனையாட்டி கலாதேவி பாடுபட்டுப் புகட்டிய நெறி. ஈரத்தில் பாதம் பதிப்பதில்லை என்பது இரண்டாவது. இது யாரும் புகட்டாமல் தானாகவே அடைந்த மெய்ஞ்ஞானம்.

வெயில் மாதங்களில் இவ்விரண்டு விரதங்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகளாக ஒத்துப்போயின. ஆண்டிறுதி மழை தொடங்கியதும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன. மழை பெய்தால் புல் நனையும், கச்சாங் இறங்காது. மழை விட்டாலோ வெடி வெடிக்கும், கச்சாங் வெளியே தலைகாட்டாது. சென்ற தீபாவளியில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வாய்க்கவே இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் நடுங்கியபடி இரவெல்லாம் அடக்கிக்கொண்டு கிடந்த கச்சாங்குக்கு மறுநாள் சிறுநீரில் இரத்தம் வந்தது. ஈப்போ கால்நடை மருத்துவரின் மேசைமேல் குழாய் செருகப்பட்டு அது கிடந்த கிடப்பைக் கண்டு, மருத்துவமனைத் தாதியாக எத்தனையோ உடம்புகளுக்குக் குழாய் செருகிய கலாதேவி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். இனி ஒருமுறை இப்படி அடக்கினால் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சீனி அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தீபாவளிக்கோ கலாதேவிக்கு மாலைப்பணி விழுந்துவிட்டது. வெள்ளைச் சீருடை தரித்துக் காரில் ஏறுமுன், தெருவே கேட்கும்படி அரசாணை ஒன்றைப் பிறப்பித்தாள்.

"இருட்டறதுக்குள்ள ஒன்னுக்கு விட்டுருங்க, கேட்டீங்களா? வெடி ஆரம்பிச்சிட்டா அது போவாது. போன வருஷம் மாதிரி ஆச்சு, வீட்டுப் பக்கம் வர மாட்டேன் பாருங்க!"

மீசையை நீவி மாவீரன் மறுமொழி முழங்கினான்.

"மலையையே ஒடச்சவன் நான். ஒரு நாய ஒன்னுக்கு விட மாட்டேனாலா?"

இந்த முழக்கம் வானுலகை எட்டியிருக்க வேண்டும். கலாதேவியின் கார் முனை திரும்பியதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

முதல் போர் குடைப்போர் எனப்படும். புத்தம்புதுப் பட்டு வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, ஒரு கையில் குடையும் மறுகையில் கச்சாங்கும் ஏந்தி, கேட்டுக்கு வெளியே சாக்கடையோரப் புல்வெளிமேல் படையெடுத்தான் சீனி. இறக்கிவிடக் குனிந்தான். கச்சாங் நான்கு கால்களையும் வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டது. இன்னும் தாழ்த்தினான். இன்னும் மடக்கிற்று. இனி மடக்கக் காலில்லை என்ற நிலையில், விழுந்த இடம் புல்லாக இல்லாமல் சீனியின் வலது செருப்பாக அமையும்படி உடலை ஒரு நெளி நெளித்து, அந்த ஒற்றைச் செருப்பின்மேல், கட்டைவிரலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில், நான்கு பாதங்களையும் நெருக்கி வைத்து நின்றது. சீனி காலை உதறினான். இடது செருப்புக்குக் குடிபெயர்ந்தது. குடை காற்றில் மேல்நோக்கி விரிந்து மலர்ந்தது. தலையோடு கால் நனைந்த தலைவனும், ஒரு பாதமும் நனையாத நாயும் வீடு திரும்பினர்.

இதற்குள், யாவரும் வந்து உண்டு செல்லும் திறந்த இல்ல உபசரிப்புக்கு விருந்தினர் வரத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வீட்டு மங்களம் அக்கா அடுக்களை ஆட்சியைத் தாமாக ஏற்றுக்கொண்டு எல்லார்க்கும் பரிமாறினார். அன்னபூரணியான அக்கையே கச்சாங்குக்கு இரண்டாம் ஆபத்தாக மாறியதுதான் கொடுமை. யாருடைய வயிறும் காலியாக இருப்பதைச் சகிக்காத அந்தப் பெருமாட்டி, முந்திரியும் திராட்சையும் பதித்த நெய்யுருண்டையோடு நாயை அணுகினார்.

சீனி பாய்ந்தான். "அக்கா, குடுக்காதீங்க! திராட்சை அதுக்கு வெஷம். டாக்டர் சொல்லியிருக்காரு."

"வாயில்லாத சீவன். நல்ல நாளும் அதுமா ஒன்னே ஒன்னு குடுத்தா என்னாலா ஆயிரும்?"

தமக்கையின் நீட்டிய கையை மடக்கச் சொல்வது பண்பாகாது. நாயின் வாய்க்கு விடுவதும் ஆகாது. ஆகவே அந்த உருண்டையைத் தன் வாயிலேயே வாங்கிக்கொண்டான் சீனி. அக்கா அடுத்ததை எடுத்தார். அதையும் வாங்கினான். பகையின் கணைகளையெல்லாம் தன் மார்பிலேயே ஏற்ற வீரர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். வயிற்றில் ஏற்றவனை அன்றுதான் கண்டோம்.

அவ்வேளை நஜ்முதீன் வந்து சேர்ந்தார். எதிர்வீட்டுக்காரர், கடைத்தெரு முனையிலுள்ள உணவகத்தின் உரிமையாளர், சீனியின் உற்ற நண்பர். எல்லா விருந்தினரும் கூசாமல் உண்ணும்பொருட்டுச் சீனி ஆண்டுதோறும் பிரியாணியை அவர் கடையிலேயே வாங்கிவிடுவான். ஆண்டுதோறும் அவர் மனைவி பல்கீஸோடு வந்து, தம் கடைப் பிரியாணியைத் தாமே உண்டு, "இந்த வருஷம் பிரமாதம் அண்ணே" என்று மனமாரப் பாராட்டிச் செல்வார். நாயைத் தொடுவது அவர்கள் வழக்கமில்லை. ஆகவே அவர்கள் வந்தால் கச்சாங் அடுக்களைக் கம்பிக்கதவுக்குப் பின்னால் போய்விடும். நஜ்முதீனும் எட்ட நின்றபடி அதனிடம் நலம் விசாரிப்பார். அன்று அவர் விசாரித்தபோது கச்சாங் முனகியது. பிற்பகல் முழுதும் அடக்கிய முனகல் அது. சீனியின் முகம் கறுத்தது. நடந்ததையெல்லாம் கேட்ட பல்கீஸ் பேகம் ஒரு போர்த்தந்திரம் அருளினார்.

"கால்தான் நனையக் கூடாதுன்னா கால மூடுங்களேன். தே கட்டற பிளாஸ்டிக் பை கார்ல கட்டுக்கட்டா கெடக்கு."

தேநீர் ஊற்றிக் கட்டித்தரும் அந்த நெகிழிப் பைகள் நான்கு, நான்கு பாதங்களுக்கும் கவசமாக மாட்டப்பட்டு, மேலே லேசாக ரப்பர் வளையம் இடப்பட்டன. நாயின் வரலாற்றில் காணாத கோலம். பாதம் நான்கும் பளபளக்க நின்ற கச்சாங், ஒரு காலைத் தூக்கியது. பை சரசரத்தது. அவ்வளவுதான்! தூக்கிய கால் தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி, கற்சிலையாகச் சமைந்துவிட்டது. அப்படியே கொண்டுபோய் மழையில் வைத்தார்கள். சிலையாகவே நின்றது. அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்கள். பைகளைக் கழற்றிய பின்னும் சற்று நேரம் அந்தக் காலை இறக்க மறந்து நின்றது.

சீனி ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்துவிட்டான். கிழக்கே இருள் கசியத் தொடங்கிற்று. தெருவுக்கு அப்பால் விளையாட்டுத் திடலில், வாணப்படைத் தளபதி யுகேந்திரன் தார்ப்பாயை விலக்கி வெடிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் இளைஞன். மழை விடுவதற்காக அவன் எவ்வளவு வேண்டிக்கொண்டானோ, விடாதிருக்கச் சீனி அவ்வளவு வேண்டினான். இருவர் வேண்டுதலும் முட்டிக்கொண்டதில் மழை தூறலாயிற்று. தூறல் நின்றது. தவளைகள் கத்தின.

"முடிஞ்சது பாய்," என்றான் சீனி. "இன்னிக்கி ராத்திரியும் அது அடக்கிக்கிட்டே கெடக்கப்போவுது."

நஜ்முதீன் திடலோரம் பார்த்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்காக முந்தின நாள் மழைக்கு முன்பே யுகேந்திரன் கொண்டுவந்து மேட்டுப் புல்லில் நிறுத்திய பேருந்து அங்கே நின்றது. அவர் கண்கள் விரிந்தன. உணவகத்தின் பத்து மேசைகளுக்கும் ஒரே மூச்சில் கட்டளை கூவிப் பழகிய குரலில் அறைகூவினார்.

"அண்ணே! பஸ்ஸுக்கு அடியில புல்லு காஞ்சு கெடக்கும்ணே! மழ படவே இல்ல! ஓடுங்க!"

சீனி எழுந்தான். கச்சாங்கைக் கக்கத்தில் இடுக்கினான். குண்டுகுழிகளில் நீர் தெறிக்க, நெய்யுருண்டைகள் வயிற்றில் குலுங்க, வேட்டியின் ஒரு முனை காற்றில் கொடியெனப் பறக்க, ஓடினான் ஓடினான், தெருவைத் தாண்டி ஓடினான். பேருந்தின் பக்கவாட்டில் குப்புற விழுந்து தவழ்ந்து உள்ளே புகுந்தான். முதுகில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிற்று. மீசையில் மண் அப்பிற்று. ஆனால் அங்கே, ஆகா, ஊரெல்லாம் நனைந்த அந்நாளில், பேருந்தின் நீள அகலத்துக்கு, மொறுமொறுவென்று காய்ந்த புல்!

கச்சாங்கை இறக்கினான். நான்கு கால்களும் விரிந்தன. நான்கு பாதங்களும் நிலம் தொட்டன. வெளியே தீப்பெட்டி உரசும் ஓசை கேட்டது.

"யுகேந்திரா, கொளுத்தாத!" என்று திடல் அதிர முழங்கினார் நஜ்முதீன். "சீனி அண்ணே பஸ்ஸுக்கு அடியில இருக்காரு!"

"பஸ்ஸுக்கு அடியிலயா? தீபாவளியும் அதுமா அங்க என்னா செய்றாரு பாய்?"

"கச்சாங்க ஒன்னுக்கு விடறாருலா! போன வருஷம் அது செத்துப் பொழச்சது ஒனக்குத் தெரியாதா? யாரும் மூச்சு விடாதீங்க!"

யுகேந்திரன் எரிந்த குச்சியை ஊதி அணைத்தான். தன் படையினரை நோக்கிக் கையுயர்த்தினான். பக்கத்துத் தெருக்களுக்கும் சேதி பரவ, வாணங்கள் தாழ்ந்தன. மங்களம் அக்கா முறுக்குத் தட்டோடு கேட்டருகே வந்து நின்றார். பல்கீஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாமான் முழுதும் நிசப்தம்.

பேருந்துக்கு அடியிலோ கச்சாங்குக்கு எந்த அவசரமும் இல்லை. நிலம் வாங்க வந்த பெரிய மனிதரைப் போல ஒவ்வொரு சக்கரமாக முகர்ந்து, ஒவ்வொரு புல்லாகச் சோதித்து, சுற்றிச்சுற்றி நடந்தது. கன்னம் தரையில் பதியக் கிடந்த சீனி அதையே பார்த்தான். மேசைமேல் குழாயோடு கிடந்த அந்தச் சின்ன வயிறு அவனுக்கு நினைவு வந்தது. கலாதேவிக்குப் பயந்து மட்டும் அவன் இங்கே வந்து கிடக்கவில்லை. அது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"போயிருடா என் ராசா," என்று கெஞ்சினான். "ஒன்னய அப்படிப் பாக்க என்னால முடியாதுடா. போயிரு, சாமி."

அப்போது, குன்றுகளைப் பிளந்த கொற்றவன் மண்ணில் கிடந்து கைகூப்ப, ஆயிரம் வெடிகளுக்கு அதிபதியான யுகேந்திரன் அணைந்த குச்சியோடு அசையாது நிற்க, பகலெல்லாம் பொழிந்த முகில்கள் மலைமுகட்டில் ஒதுங்கி நின்று எட்டிப்பார்க்க, தாமானின் ஆடவரும் பெண்டிரும் வாயில் இட்ட முறுக்கையும் கடியாமல் காத்திருக்க, கச்சாங் என்னும் அந்தக் கடலைத் திருநாமத்துக் கடுவிரதன், பின்சக்கரத்தின் அருகே வந்து, நின்று, மூக்கைச் சுளித்து, சற்றே யோசித்து, வலது பின்னங்காலை மெல்ல, மெல்ல, விண்ணோக்கி உயர்த்த, நாய் ஒன்றுக்குப் போனது.