சூரிய விளக்குக்கு நிழல் கொடுத்தவன்

எனக்கு வெயிலைக் கண்டாலே ஆகாது. சாயம் போட்ட பட்டு நூலை நிழலில் மட்டுமே உலர்த்தும் ஆரணி வீட்டில் பிறந்தவன் நான். வெயில் பட்டால் எதுவும் வெளுத்துவிடும் என்பது ரத்தத்தில் ஊறிய பயம். (மூளை எப்படி வெளுத்தது என்றுதான் தெரியவில்லை.)

என் மனைவி கோமதிக்குச் சர்க்கரை. தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தறியை விட்டு எழுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஏரிக்கரை நடைபாதையோ கும்மிருட்டு, போதாததற்குப் பாம்பு. கவுன்சிலர் அம்மாவின் பின்னாலேயே அலைந்து கோமதி அங்கே சோலார் விளக்குகள் போட வைத்தாள். "தொறப்பு விழா வரைக்கும் ஒரு கண்ணு வெச்சிக்கங்க" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். பாவம், என்ன நம்பிக்கை!

போய்ப் பார்த்தேன். புத்தம்புது சோலார் பலகைகள் உச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எனக்குப் பகீரென்றது. ஏணி வைத்து ஏறி, கோமதியின் பழைய உள்பாவாடைகளால் ஒவ்வொன்றையும் மூடி, நாடாவை இழுத்துக் கட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின! மூடியதும் பட்டப்பகலில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. (நிழல் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன். சத்தியமாக!) பார்த்தவர்கள், விழாவுக்காக மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

விழா மாலை. கவுன்சிலர் அம்மா ரிப்பன் வெட்டினார். இருட்டினால் தானாக எரியும் விளக்குகள். தெருவே அண்ணாந்து பார்த்தது. இருட்டியது. நன்றாகவே இருட்டியது. ஒன்றுகூட எரியவில்லை.

"இன்னா கோமதி இது? பக்கத்துத் தெருவுல கேட்டுகினு இருக்காங்க, இத்தக் கழட்டி அங்க குடுத்துடறேன்" என்றார் கவுன்சிலர் அம்மா.

விளக்கு மாட்டியவர் ஏணியில் ஏறினார். "யாருங்க இத்த மூடுனது? மூடுனா ராத்திரின்னு நெனச்சிகினு பகலெல்லாம் எரியும். வெயிலும் படாது. பேட்டரி சுத்தமா காலி!" என்றவர், துணியை அவிழ்த்து டார்ச் வெளிச்சத்தில் ஊருக்கே தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "யாரு பாவாடைங்க இது?"

ஐயையோ! பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நின்றேன். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராக ஏணியடிக்குப் போனாள்.

"என்துதான், எல்லாத்தையும் அவுத்துக் குடுங்க" என்று வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு வெயில் அடிக்கும்மா. வந்து பாருங்க. எரியலைன்னா கழட்டிக்கங்க."

மறுநாள், ஜென்மத்தில் முதல் தடவையாக, வெயில் அடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாலையில் அத்தனை விளக்கும் எரிந்தன. கோமதி முதல் ஆளாக நடந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள், சிரித்துக்கொண்டு. எதற்குச் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன். முன்பின் தெரியாத டிரைவர். ஏரிக்கரைக்குப் போகவேண்டும் என்றேன்.

"பாவாடை லைட்டாண்டயா சார்?"

ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் முழுக்கதையையும் சொல்லிக்கொண்டு வந்தார். "எவனோ ஒரு கிறுக்கன் சார். நீங்க கேள்விப்பட்டதில்ல?"

"இல்லையே" என்றேன்.